குழாய் கழன்றிருந்த பத்து நாட்கள்

அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவள் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையின் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில், தங்கள் ஆண்டிதழுக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்த தேதி, படிப்பு, பணிக்காலம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கோப்பில் இல்லாத பத்து நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். பல் துலக்கிக்கொண்டே வீட்டை மூன்று சுற்று வருவாள். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் வாசல்வரை போய்த் திரும்புவாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சக்கரம்' என்று பெயர். காலில் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அர்த்தம். "சக்கரம் எங்கே?" என்று யாராவது கேட்டால், "இப்பத்தான் இந்தப் பக்கம் உருண்டுச்சு" என்பார்களாம்.

அவள் தொழிலும் அவளை உட்கார விடவில்லை. முனைவர் பட்டம் வாங்கியபின் நிரந்தர வேலை கிடைக்கும்வரை பார்க்கும் ஆராய்ச்சி வேலைக்குப் போஸ்ட்டாக் என்று பெயர். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் அடுத்த ஊர், அடுத்த கருவி, எனக்கு அடுத்த பள்ளிக்கூடம். முதல் மாற்றத்திலேயே அப்பா எங்களோடு வரவில்லை, பிறகும் வரவில்லை. 'சமையலறை – 2' என்று எழுதிய ஒரு பெட்டியை மூன்று வீடுகளுக்கும் பிரிக்காமலே தூக்கிப்போனோம். அதற்குள் என்ன இருந்தது என்று இருவருக்கும் மறந்துவிட்டது.

மூன்றாவது ஊரில் எனக்குப் பதினைந்து வயது. பள்ளி நீச்சல் அணியில் இடம் கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தோழி இருந்தாள். அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. ஆறு வருடத்துக்கு மேல் யாரும் போஸ்ட்டாக்காக இருக்க முடியாது என்பது விதி, ஆறாவது வருடம் முடிய நான்கு மாதம் இருந்தது. அந்த ஆய்வுக்கூடத்திலேயே ஒரு நிரந்தர இடம் காலியானது. ஒரே ஒரு இடம். நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை.

அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பக் காரணம் ஒரு மேடு.

சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட அணுக்கரு சிதையும்போது பெரும்பாலும் ஒரே வழியில்தான் சிதையும். லட்சத்தில் ஒன்று வேறு வழியில் போகும், அப்போது ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் காமா கதிர் ஒன்று வரும் என்று கணக்குப் போட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். யாரும் பார்த்ததில்லை. அம்மா முப்பது நாள் அளந்தாள். முப்பது நாள் தரவையும் கூட்டி வரைபடமாகப் பார்த்தபோது, வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்திருந்தது. குழுத்தலைவரான பேராசிரியர் அதை அச்செடுத்துத் தன் கதவில் ஒட்டிவிட்டார்.

ஜெர்மேனியம் படிகத்தால் ஆன உணர்கருவி அது. எப்போதும் உறைகுளிரில் இருக்க வேண்டும். அதற்காகக் கீழே ஒரு பெரிய குடுவையில் திரவ நைட்ரஜன் இருக்கும், பத்து நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். கருவியைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்கி ஒரு சின்ன வீடு. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிந்து காற்றில் கலக்கும். அது ஈய வீட்டுக்குள் நுழைந்தால் தானும் கதிர் விட்டுக் கணக்கைக் கெடுக்கும். அதனால் குடுவையிலிருந்து ஆவியாகிற நைட்ரஜனை ஒரு ரப்பர் குழாய் வழியாக ஈய வீட்டுக்குள் விடுவார்கள். அது உள்ளே நிறைந்து காற்றை வெளியே தள்ளிவிடும். செலவில்லாத காவல்காரன்.

நிரப்பும்போது மட்டும் அந்தக் குழாயைக் கழற்ற வேண்டும். நிரம்பியபின் குடுவையின் வாய் பத்து நிமிடம் துப்பிக்கொண்டே இருக்கும். துப்பல் அடங்கிய பிறகு குழாயை மாட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் செய்ய வேறு எதுவும் கிடையாது. நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மா எதிரே கணினியை வைத்து நின்றுகொண்டு, தேர்வில் என்ன கேட்பார்கள் என்று தனக்குத் தானே கேள்வி போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த மேடு முப்பது நாளும் ஒரே மாதிரி இருந்துச்சானு கேட்டா?" என்றாள். தரவை மூன்று பத்து நாட்களாகப் பிரித்தாள். பிறகு பேச்சு நின்றது. நடையும் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

முதல் பத்து நாளில் மேடு இல்லை. கடைசிப் பத்து நாளிலும் இல்லை. நடுவில் மட்டும் மொத்தமும் இருந்தது.

"என்னம்மா?"

"ரேடானுக்கு அதே இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கோடு உண்டு. அதான் வந்திருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணுமே வரலைன்னு அர்த்தம்."

மறுநாள் காலை அவள் முதலில் போனது பேராசிரியரிடம் அல்ல, பம்ப் அண்ணனிடம். வெற்றிட பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் அவர். பிற்பாடு அந்தப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக எனக்கு நடித்துக் காட்டியவரும் அவர்தான்.

"அண்ணே, இருபதாம் நாள் நைட்ரஜன் நீங்கதானே நிரப்பினீங்க? அன்னைக்கு நான் லீவு."

"ஆமா."

"நிரப்பப் போகும்போது குழாய் மாட்டி இருந்துச்சா?"

"இல்லையே, தொங்கிட்டு இருந்துச்சு. சரி, யாரோ எனக்காகக் கழட்டி வச்சிருக்காங்க, தங்கமான மனுசங்கன்னு நினைச்சேன். நிரப்பிட்டு நான்தான் மாட்டினேன்."

"பத்தாம் நாள் நிரப்பினது நான்."

"அப்ப நீதான் தங்கமான மனுசி."

அவள் சிரிக்கவில்லையாம். பத்தாம் நாள் குடுவை துப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் பம்ப் ஒன்று விசில் அடிப்பது கேட்டது, பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். அங்கிருந்து வேறெங்கோ போனாள். பத்து நிமிடம் நிற்க முடியாமல் போய், பத்து நாள் ஈய வீட்டுக்குள் ரேடான் குடியிருந்தது.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். கெட்டவர் இல்லை. எழுந்து கதவைச் சாத்தினார். அம்மா பார்க்கும் பக்கத்தில்தான் அந்த அச்சுத்தாள் ஒட்டியிருந்தது.

"ஏம்மா, வியாழக்கிழமை தேர்வு. வெள்ளிக்கிழமை சொல்லலாமே? கட்டுரை இன்னும் அனுப்பலையே, யாருக்கு என்ன நஷ்டம்? திரும்ப அளந்துட்டுத் திருத்திக்கலாம்."

"அந்த மேட்டைப் பாத்துத்தான் சார் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"உன்னைப் பாத்தும்தான் கூப்பிட்டிருக்காங்க."

"அப்ப மேடு இல்லாம போனாலும் எடுப்பாங்கல்ல?"

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

'சொல்லாதே' என்று நேராகச் சொன்னவள் நான். புதன்கிழமை மாலை அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கையை நான்கு முறை தேய்த்தாள்.

"நாளைக்குச் சொல்லப்போறியா?"

"தெரியல. சொல்லணும்."

"சொல்லாதம்மா."

அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை.

"நீ யாரையும் ஏமாத்தல. உனக்கே ஞாயித்துக்கிழமைதான் தெரியும். நாலு நாள் லேட்டாத் தெரிஞ்சுதுன்னு வச்சுக்க. எனக்கு இங்கதான் இருக்கணும். எத்தனை ஊர்தான் மாறுறது? நீ சொன்னா நான் உங்கூட வரமாட்டேன். அப்பாகிட்ட போயிடுவேன்."

கடைசி வாக்கியத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்பா கூப்பிட்டதே கிடையாது. இருவருக்கும் அது தெரியும். அவள் சட்டையை மாட்டியில் தொங்கவிட்டு, இரண்டு அறைக்கும் நடுவே போய்வந்தாள். எத்தனை முறை என்று தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவளுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். நான்காவது படத்தில் மூன்று பத்து நாட்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினாள். அங்கே நடந்ததைப் பேராசிரியர்தான் எனக்குச் சொன்னார். பிறகு ஒருவர் கேட்டார், "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"குழாயை விட்டது?"

"அதுவும் நான்தான்."

யாரோ சிரித்தார்களாம். சிரித்தவர் அவளுக்கு ஓட்டுப் போட்டாரா தெரியாது. வேலை வேறொருவருக்குப் போனது. அவரும் நன்றாக வேலை செய்பவர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மீதி நான்கு மாதத்தில் அம்மா இன்னொரு முப்பது நாள் அளந்தாள். மேடு வரவில்லை. 'அந்த வேறு வழிச் சிதைவு இதற்குமேல் இருக்க முடியாது' என்று எல்லையாக ஒரு எண் மட்டும் கிடைத்தது. அது மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. எல்லை போடும் கட்டுரைகளை அடுத்ததாக எல்லை போடுகிறவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். நாங்கள் ஊர் மாறினோம். அவள் மருத்துவமனையில் சேர்ந்தாள். கதிரியக்கம் கசிகிறதா என்று மேசைகளையும் கைப்பிடிகளையும் துடைத்துத் துடைத்து, துடைத்த தாளிலிருந்து எத்தனை கதிர் வருகிறது என்று எண்ணுகிற வேலை. பத்தொன்பது வருடம். அங்கே எல்லா அறைக்கும் நடந்து போக வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

பெட்டி கட்டும்போது நான் ஒன்று சொன்னேன். "ஒரு குழாயை மாட்ட மறந்ததுக்கு ஊரையே மாத்துறோம்."

"மறந்ததுக்கு இல்லடி," என்றாள். "அதை எடு, டேப்பை."

நான் இப்போது மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறேன். பிரேக் சரியில்லை என்றால் கையெழுத்துப் போடமாட்டேன். கட்டடக்காரர்கள் கெஞ்சுவார்கள். நாலு நாள் கழிச்சு எழுதுங்க மேடம், என்ன குடி முழுகிடும் என்பார்கள். எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அதைச் சொல்லுகிற குரல் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

அவள் போவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு காலை நேரத்தில் அதைக் கேட்டுவிட்டேன். அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. போர்வைக்குள் பாதம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அன்னைக்கு நான் சொல்லாதேன்னு சொன்னேன்ல."

"என்னைக்கு?"

"நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள். சட்டை தேய்ச்சுட்டு இருந்தியே. அப்பாகிட்ட போயிடுவேன்னுகூடச் சொன்னேன்."

"அப்படியா சொன்னே?" கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லையே கண்ணு. சும்மா எதையாவது போட்டு உருட்டாதே. அந்தத் தலையணையை இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். அதற்கு முந்தைய வாரம் பம்ப் அண்ணன் பார்க்க வந்தபோது, இருபது வருடத்துக்கு முந்தைய அந்த அளவீட்டின் பதிவு எண்களை அவரிடம் வரிசையாக ஒப்பித்தவள் அவள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் சொன்னது மட்டும் மறந்துபோயிருக்குமா? மறந்தும் இருக்கலாம், மருந்து அப்படிப்பட்டது. மறந்தாளா, மறந்ததாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க அவள் ஒருத்தியிடம்தான் கேட்க முடியும். நான் ஒருமுறைதான் கேட்டேன்.