சலாதுக்குப் போட்ட ஐஸ்

சுனாமி எங்கள் செட்டிபாளையம் வளவுக்குள் வந்து போன பிறகு நான் மண்ணோடு கோபம். அதற்கு முன் கத்தரி, மிளகாய், பயற்றை என்று எதை நட்டாலும் வரும். உப்புத்தண்ணீர் ஏறிய பிறகு நட்ட மிளகாய் நாற்றெல்லாம் இலை விளிம்பு கருகிச் செத்தது. நாலைந்து மாரி உப்பைக் கழுவிவிட்டது, இனி நடலாம் என்று ஊரே சொன்னது. எனக்கு மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் சித்தாண்டியில் இருந்த என் தம்பி, தன் வளவில் பாதியைத் தருகிறேன், வந்து இருங்கள் என்றான். கடல் இரைச்சல் கேட்காத இடம். நான் போகத் தயார். வாவியில் மீன் பிடிக்கிற என் வீட்டுக்காரருக்குத்தான் உயிர் போகிற மாதிரி இருந்தது. வாவியில் இறங்க ஆமிக்காரர் நேரம் குறித்திருந்த காலம் போய், நினைத்தபோது தோணி தள்ளலாம் என்று ஆனதே அப்போதுதான். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் பிடிவாதம் பிடித்தேன்.

அந்த நேரம் மண்ணில்லாமல் சலாதுக் கீரை வளர்க்கும் பயிற்சி ஒன்று நடந்தது. மீன் ஐஸ் போடுகிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் உரம் கரைத்த தண்ணீர். மூடியில் துளை போட்டு, தேங்காய்த் தும்புச்சோறு நிரப்பிய கோப்பையில் நாற்றை வைத்தால் வேர் தண்ணீருக்குள் தொங்கும். மண் வேண்டாம் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதும். நான்கு பெட்டி வைத்தேன்.

“இது சரிவந்தா இஞ்ச இருப்பம். செத்தா சித்தாண்டி,” என்று அவரிடம் சொன்னேன்.

“ஓம்,” என்றார்.

சித்திரை வெயிலில் சலாது மத்தியானமானால் துவண்டு விழுந்தது. நிழல் வலையை இரட்டையாகக் கட்டினேன். இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். போதாதற்கு என் பழைய சேலையையும் மேலே விரித்தேன். அவர் வாவியால் வந்து, மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார்.

“இஞ்ச புள்ள, தண்ணி சுடுது. காலைச் சுடவிட்டுட்டுத் தலைக்குக் குடை பிடிச்சி என்ன செய்யிற?”

குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு சூடு. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் மண்ணிறமாகி வழுவழுத்துக் கிடந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் பயிற்சிக்குப் போனவள் நானல்லவா? “நீங்க மீனைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து மத்தியானத்திலும் இலை நிமிர்ந்து நின்றது. எல்லாம் என் சேலையின் வேலை என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன். ஒரு கிழமை போனது. பிறகு இலை விளிம்பு கருகத் தொடங்கியது. அந்தக் கருகலை எனக்குத் தெரியும். பெட்டித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மண்ணே இல்லாத பெட்டிக்குள் உப்பு எப்படி வந்தது? அப்போது அவர் வாளியோடு வளவுக்குள் வந்தார். வாளி நிறைய உடைத்த ஐஸ். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்து, தன் மீனுக்கு வைத்திருந்த ஐஸில் பாதியைத் தினமும் பெட்டிகளில் கொட்டியிருக்கிறார்.

“ஐஸுக்கு உப்புப் போட்டீங்களா?”

“போடாட்டி குளிர் காணாதே,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. வாளியைக் கீழே வைத்தார். மீன் ஐஸுக்கு உப்புத் தூவிப் பழகிய கை அது.

நான்கு பெட்டியும் செத்துப்போனது. அவர் தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டு வந்து, வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டினார்.

“சித்தாண்டிக்கு எப்ப போற?” என்றார், என் முகத்தைப் பாராமல்.

இங்கே இருக்க வேண்டுமென்று தன் மீனைப் பழுதாகவிட்டு என் செடிக்கு ஐஸ் போட்ட மனிதர். அவர் மேல் அன்றைக்கு வந்த ஆசை, கலியாணம் கட்டிய நாளிலும் வந்ததில்லை.

“செடி தன்பாட்டில செத்தாத்தான் போறதெண்டு சொன்னன். இது நீங்க சாக்காட்டினது. அது செல்லாது,” என்றேன். “போத்தலுக்குள்ள தண்ணிய ஊத்தி, மூடிய இறுக்கி, ஐஸாக்கிக் கொண்டு வாங்க. மறுகா நான் நாற்று வைக்கிறன்.”

அவர் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வெற்றுப் போத்தல் தேடிப் போய்விட்டார்.