சின்னவள் மிளகாய்

விதைக்கடைக்காரரின் மனைவிக்குத் தெருவில் பெரியவள் என்று பெயர். அவருடைய தம்பி மனைவி சின்னவள். கீழே கடை, நடுவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கிற வீடு, மொட்டை மாடியில் விதைக்கென்றே வளர்க்கிற தொட்டிச் செடிகள். பெரியவள் கைராசிக்காரி. அவள் எடுத்த கத்தரி விதை முளைக்கவில்லை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. சின்னவள் கல்யாணமாகி வரும்வரை அந்த மாடி முழுக்க அவள் ராஜ்ஜியம்தான்.

சின்னவள் வரும்போது நகைநட்டு அதிகம் கொண்டுவரவில்லை. கைக்குட்டை முடிச்சில் ஒரு சிட்டிகை மிளகாய் விதை கொண்டுவந்தாள். அம்மா வீட்டுக் கொல்லையில் விளைந்ததாம். அது முளைத்து, வானத்தைப் பார்த்துக் குட்டிக் குட்டியாகக் காய்த்தது. கடித்தவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த பிறகும் இன்னொன்று கேட்கிற மாதிரி ஒரு வாசனை வேறு இருந்து தொலைத்தது. கொஞ்ச நாளிலேயே கடைக்கு வருகிறவர்கள், சின்னவங்க மிளகாய் இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரியவளின் கத்தரியை ஒருத்தரும் அவள் பேர் சொல்லிக் கேட்டதில்லை. கத்தரி விதை என்பார்கள், வாங்குவார்கள், போவார்கள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. சின்னவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்து ஆறியிருக்கலாம். பாவி, நல்லவளாக வேறு இருந்தாள்.

ஒருநாள் கடைக்கு வந்த கல்லூரி வாத்தியாரம்மா ஒருவர் பேச்சுவாக்கில் மிளகாயின் பூர்வீகத்தைச் சொன்னார். அது பிறந்தது தென் அமெரிக்கப் பக்கத்துக் காட்டிலாம். பறவைக்குக் காரம் தெரியாது. பழத்தை விழுங்கிவிட்டு விதையை இடம் இடமாகப் போட்டதாம். அந்தப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான வருடம் அதைப் பயிரிட்டார்களாம். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு முன் மிளகைத் தேடிப் போன கப்பல்காரர்கள் மிளகாயைக் கண்டு தூக்கி வந்தார்களாம். அப்புறம் அது துறைமுகம் துறைமுகமாக இறங்கி, யாரும் அழைக்காமலே உலகத்துச் சமையலறைகளுக்குள் புகுந்து, இப்போது எந்த நாட்டுக்காரனைக் கேட்டாலும் எங்கள் மிளகாய் என்கிறானாம்.

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. அம்மா வீட்டுக் கொல்லையாவது ஒன்றாவது! அன்றிலிருந்து சின்னவள் மிளகாயைக் கேட்டு யார் வந்தாலும், இது இவள் பிறந்த வீட்டுச் சொத்து இல்லை, எவனோ கப்பல்காரன் மூட்டையில் வந்தது என்று கைகால் வைத்துச் சொன்னாள். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். ஒரு பொட்டலம் வாங்க வந்தவர் இரண்டு வாங்கினார். அக்கா கதை சொன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம் என்று சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தாள். பெரியவளுக்கு அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாடியில் ஒரு பக்கம் சின்னவளின் மிளகாய், மறுபக்கம் பெரியவளின் காரமில்லாத குடமிளகாய். தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் ஒட்டிவிட்டால் விதை கலப்பாகிவிடும். அதனால் பூக்கிற காலத்தில் சின்னவள் தன் செடிகளைக் கொசுவலையால் மூடி, ஓரமெல்லாம் கல் வைப்பாள். ஒரு பக்கம் மூடினாலே இரண்டும் தப்பும் என்பதால் பெரியவள் தன்னுடையதை மூடுவதில்லை. ஒரு மத்தியானம், எல்லாரும் படுத்திருந்த நேரம், பெரியவள் மாடிக்குப் போய்க் கற்களை எடுத்துவிட்டு வலையைத் தூக்கிவிட்டாள். அந்த மிளகாய் காரம் செத்து, கொழுத்துப் போய்க் காய்க்கட்டும். அப்புறம் யார் பேர் சொல்லிக் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று நினைத்தாள். காலமெல்லாம் விதை எடுத்தவளுக்கு, போகிற தேனீ திரும்பியும் வரும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

இரண்டொரு நாளில் சின்னவள் வந்தாள். "அக்கா, வலை விலகியிருக்கு. என் செடியில விரிஞ்ச பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டேன். உங்களோடதையும் கிள்ளிடுங்க."

பெரியவளுக்கு அப்போதுதான் பகீர் என்றது. ஆனாலும் இவள் சொல்லி நான் செய்வதா என்ற வீம்பு முந்திக்கொண்டது. "என் செடியப் பாத்துக்க எனக்குத் தெரியும்" என்றாள். காய் பழுத்ததும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள், இனித்தது. கலப்பு காயில் தெரியாது, விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும், ஒன்றும் ஆகியிருக்காது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு விதையைப் பொட்டலம் கட்டினாள்.

அடுத்த வருடம் குடமிளகாய் விதை வாங்கினவர்கள் கடையில் வந்து நின்றார்கள். குழந்தை கடித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதது என்றாள் ஒரு தாய். விடுதிச் சமையல்காரர் ஒரு காயைக் கல்லாமேல் வைத்து, நீயே தின்று பார் என்றார். இனி இந்தக் கடையில் எதை நம்பி வாங்குவது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கடைக்காரர் முகம் செத்துப்போய், இது எப்படி நடந்தது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டார்.

"என் தப்புதான் மாமா. வலைய நான் சரியா மூடல" என்றாள் சின்னவள்.

கடை அப்படியே இளகிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்ள இந்தக் காலத்தில் யாருக்கு மனசு வருகிறது என்றார் சமையல்காரர். அழுத குழந்தையின் தாய்கூட, போனால் போகிறது என்றாள். கடைக்காரர் தம்பி மனைவியைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. பெரியவள் தப்பித்துவிட்டாள், நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. துணிந்து செய்தவள் அவள். பயந்து பயந்து தூங்காமல் கிடந்தவள் அவள். அந்தத் தப்பையும் இவளே எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குவதா?

"கல்ல எடுத்தது நான்" என்றாள் பெரியவள். "வேணும்னுதான் எடுத்தேன். அவ மிளகா கெட்டுப் போகணும்னு."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளை மட்டும். வெட்கத்துக்கு நடுவிலும் அது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

சின்னவள் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னாள். "தெரியும்க்கா. கல்லெல்லாம் ஓரமா வரிசையா அடுக்கியிருந்துச்சு. காத்து அடுக்கி வெக்காது."

அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் ஒரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், வாய்க்கு வாய் அக்கா என்றிருக்கிறாள், ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பெரியவள் நல்ல விதைப் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடம் தான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இதுதான் பொறாமை.