ஆறாத இரும்பு

உதியன்குளங்கரை ரெஜிலாவுக்கு என்ன வேலை என்று அவள் அம்மா ஆனந்தபாயிடம் கேட்டால், மூக்கால் இழுத்துச் சொல்லுவாள்: "கம்பெனியளுக்குப் போயி பொகையைக் குறைங்கன்னு சொல்லுவா. அவிய கேக்க மாட்டாவ. திரும்பி வருவா. அதுக்காக்கும் சம்பளம்."

வருஷக்கணக்காக அதுதான் நடந்தது. சிமென்ட், ஓடு, இரும்பு என்று ஆலை ஆலையாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் டீ கிடைத்தது; ஓர் ஆலையும் மாறவில்லை. இந்த மாதம் ஓர் ஆலையாவது சம்மதிக்காவிட்டால் புகைக் குறைப்புத் திட்டத்தையே மூடுவதாக அவள் அலுவலகம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்தவர் கம்பி மில் முதலாளி சதாசிவன்.

அவர் மில்லில் பழைய இரும்பை மின்உலையில் உருக்கிக் கட்டைகளாக வார்ப்பார்கள். முற்றத்தில் ஆறப்போடுவார்கள். பிறகு நிலக்கரி உலையில் மறுபடி பழுக்கவைத்துக் கம்பியாக இழுப்பார்கள். ஆறவிடாமல் நேரே இழுத்தால் நிலக்கரி வேண்டாம். இதை ரெஜிலா படம் போட்டு விளக்கியபோது சதாசிவன் குறட்டை விட்டார். இடையில் ஒருமுறை விழித்து, "கரண்டு போச்சா?" என்றார்.

அந்த ஞாயிறு அவள் சபையில் அசனம், ஊரே சேர்ந்து உண்ணும் விருந்து. அரிசி கொடுத்த சதாசிவன் முதல் பந்தியில் இருந்தார். இலைகளில் சோறு விளம்பியாயிற்று. போதகர் விவசாயிகளுக்கும் பஸ் ஓட்டுநர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஜெபித்து ஆமென் சொல்வதற்குள் சோற்றில் ஆவி பறப்பது நின்றுவிட்டது.

"சோறு ஆறிப்போச்சே பிள்ளே," என்றார் சதாசிவன், ஒலிபெருக்கிக் குரலில்.

சாம்பார் வாளியோடு நின்ற ரெஜிலா, "மறுபடி அடுப்புல ஏத்தட்டா அண்ணா?" என்றாள்.

"வட்டா, கிறுக்கா ஒனக்கு? சூடோட தின்ன விட்டிருந்தா போதுமே."

"ஒங்க மில்லுல தெனமும் இதாக்கும் நடக்குது. சூடுள்ள கட்டைய ஆறப்போட்டு, பெறவு கரி வாங்கிச் சுடுதிய."

சதாசிவன் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். "இத மில்லுல வச்சே சொல்லப்பிடாதா?"

"சொன்னேன். நீங்க ஒறங்கினிய."

பந்தி சிரித்தது. "சரி, சனிக்கிழமை ஒருநாள் பாப்போம்," என்றார் சதாசிவன். "சரிப்படலேன்னா பெறவு அந்தப் பக்கம் வரப்பிடாது."

சனிக்கிழமை, ஆறவிடாமல் நேரே அனுப்பிய முதல் கட்டை பாதி வழியில் சிக்கியது. கட்டையை நகர்த்தும் உருளைகளைச் சரிசெய்தார்கள். அடுத்த கட்டை செக்கச்செவேலென்று ஓடி, மறுபுறம் கம்பியாக நெளிந்து வந்தது. அதற்கடுத்ததும். கரி உலை மூடியே கிடந்தது.

சதாசிவன் இன்னொரு மில்காரருக்குப் போன் போட்டார். "எலே தங்கப்பா, கட்டைய ஆறப்போடப்பிடாது, கேட்டியா? ஆரு சொன்னதா? ஆருமில்ல, எனக்கே தோணிச்சு."

ஓர் ஆலைக்காரர் இன்னோர் ஆலைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வதை ரெஜிலா இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். போனை வைத்ததும், "தங்கப்பண்ணன் மில்லுக்குப் போகும்போ நானும் வாறேன்," என்றாள்.

"வா மக்கா. ஆனா பேசுறது நானாக்கும்."