ஒரு தொழிலுக்கு ஒருவர்

அட்டைப்பெட்டி செய்து விற்கிற அவரைத் தெருவில் எல்லோரும் பெட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரை யாரோடு சேர்த்துவிட்டால் நாலு பேருக்கு நல்லது நடக்கும் என்று யோசிப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை; பெட்டி செய்வது இடையிடையே நடக்கும். ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்து பேக்கரி நடத்துகிறவர், பெண்களுக்குக் குழாய் வேலை கற்றுக்கொடுக்கிற பிளம்பர், இல்லாதவர்களிடம் பாதிக் கட்டணம் வாங்குகிற சின்ன ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். லாபமும் வேண்டும், அதில் இன்னொருவர் தலை நிமிரவும் வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள். மாதம் ஒரு காலையில் அவர்களைத் தன் பட்டறைக்கு வரவழைத்து, கட்டிப் போட்ட அட்டைகளின் மேல் உட்கார வைத்துப் பேசவிட்டார். அப்படித்தான் அந்தக் கூட்டமைப்பு பிறந்தது.

இரண்டே விதிகள். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே போட்டி வந்துவிடும். வெளியே கொடுக்கிற வேலையை முதலில் உறுப்பினருக்குத்தான் கொடுக்க வேண்டும். நல்ல விதிகள்தான், யார் இல்லையென்றது? பேக்கரிக்கு இங்கிருந்து பெட்டி போயிற்று, ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து ரொட்டி போயிற்று. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அவருடைய தங்கை லாண்டரி வைத்திருந்தாள். அங்கே வேலை செய்த பெண்கள் யாருக்கும் காது கேட்காது. மற்ற லாண்டரிகளில் மெஷின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்துவார்கள். இங்கே ஊர்வம்பு அத்தனையும் கையாலேயே ஓடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் அவர்களுக்குப் பாதிப் பிழைப்பு. கடைத்தெருவில் புதிதாக லாண்டரி திறந்த ஒருவர் கூட்டமைப்பில் சேரக் கேட்ட சமயத்தில்தான் தங்கையும் வந்து கேட்டாள்.

"அண்ணே, என்னையும் சேத்துக்கயேன்."

"நீ என் கூடப்பொறந்தவ. உன்னைச் சேத்தா, சொந்தக்காரங்களுக்காகத்தான் இதை ஆரம்பிச்சான்னு பேசுவாங்க. நாக்கு மேல பல்லைப் போட்டு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதும்மா."

சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடம் புதியவருக்குப் போயிற்று. அவரும் கால் ஊனமான இரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "விரிப்பெல்லாம் இப்ப உங்க தங்கச்சிகிட்டதான் போகுது. அதை மாத்தணுமா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான் டாக்டரம்மா."

இதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாவி மனுஷன், அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். பரிமாறிய மனைவிதான், "ஊருக்கெல்லாம் மனசு பெருசு. வீட்டுக்காரங்களுக்குன்னு வரும்போது மட்டும் எப்படித்தான் சுருங்குதோ" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

தங்கை முட்டி மோதிப் பார்த்தாள். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினாள். கடைசியில் மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு மாணவர் விடுதியில் துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கையால் பேசிச் சிரித்த பெண்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள்.

புதியவரோ கூட்டமைப்பின் தயவில் வளர்ந்தார். வளர்ந்ததும் கால் ஊனமான அந்த இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு, இனிமேல் வர நேரமில்லை என்று சொல்லிக் கழன்றுகொண்டார். அடுத்த கூட்டத்தில் லாண்டரிக்கு யாரைச் சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, பேக்கரிக்காரர் சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க தங்கச்சியை ஏண்ணே அப்பவே சேக்கல? அவங்க செஞ்சதுதானே நாம எல்லாரும் செய்ய நெனச்சது. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோமே."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பெட்டி அண்ணன் யார் வாய்க்குப் பயந்தாரோ, அந்த வாய்களில் அப்படி ஒரு பேச்சே இருந்ததில்லை.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விடுதி சோப்பில் அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. குடிக்க முடியாமல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெஷினுக்கு நாங்க ஏற்பாடு பண்றோம். மறுபடியும் ஆரம்பிம்மா. அந்தப் பொண்ணுங்களைக் கூப்பிடு."

"கூப்பிட்டா வருவாங்க. இன்னொரு தடவை அவங்களை நிக்கவச்சு, வேலை இல்லை போங்கன்னு கையைக் காட்ட எனக்குத் தெம்பில்லண்ணே."

"தப்புப் பண்ணிட்டேன். எல்லாருக்கும் ஒரே நியாயம்னு நெனச்சுத்தான்..."

"ஒரே நியாயம் பாத்திருந்தா நான் உள்ள வந்திருப்பேன்" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் லாண்டரி நடத்துறவளாத்தான் வந்து கேட்டேன். தங்கச்சியாப் பாத்தது நீதான்."