வாசற்படிக்கு வெளியே ஒரு கேரட்

இங்கிலாந்தில் பிள்ளைகள் பச்சைக் காய்கறியைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். என் மகள் ஜெயஸ்ரீ தன் தட்டைக் காலி செய்துவிட்டு அடுத்தவர் தட்டையும் பார்ப்பாள். 1982இல், நாலு வயதில் லீட்ஸில் அவளைப் பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம், இதற்காகவே என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். "மற்றப் பிள்ளைகளிடம் கோஸும் பட்டாணியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். இறைச்சியைத் தொடுவதில்லை. வீட்டில் போதுமான சாப்பாடு கிடைக்கிறதா?" என்றார் தலைமையாசிரியை. குரலில் அத்தனை இரக்கம். அந்த இரக்கம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவளுக்குக் காய் பிடிக்கும், அவ்வளவுதான் என்றேன். வெறும் தண்ணீரில் வெந்த கோஸ் ஒரு குழந்தைக்குப் பிடிக்கும் என்பதை அந்த அம்மாள் நம்பத் தயாராக இல்லை. நர்ஸ் வந்து எடை பார்த்தாள். கொஞ்சம் கம்மி. முட்டையாவது கொடுங்கள், இல்லாவிட்டால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று ஏதோ ஒரு தாளில் என் பெயர் ஏறப்போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. "முட்டை கிடையாது. ஒரு மாதம் கழித்து எடை பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் திருவண்ணாமலைச் சமணக் குடும்பம். பூர்வீக நிலம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். வீட்டில் மாமிசம், முட்டை கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கும் வேரும் கிடையாது. அதைப் பிடுங்கினால் செடியே செத்துப்போகும், அதை அண்டியிருக்கும் சிற்றுயிர்களும் போகும். ஊரே உருளைக்கிழங்கு மசாலா தின்றபோது எங்கள் வீட்டில் அவரை, புடலை, வாழைக்காய்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பள்ளித் தோழி வீட்டில் முள்ளங்கிச் சாம்பார் ஊற்றினார்கள். வட்டவட்டமான துண்டுகளை இலை ஓரத்தில் அடுக்கி வைத்தேன். "ஏம்மா, எங்க வீட்டு சாப்பாடு புடிக்கலியா?" என்று அவள் அம்மா கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடிக்கிறது, ஆனால் மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை. லீட்ஸில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வீராப்பு எடையைக் கூட்டாது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருக் கடையில் கிடைத்தவை கோஸும் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். எத்தனை நாள் பருப்பையும் கோஸையும் மட்டுமே போடுவது? ஒருநாள் கேரட் வாங்கி வந்தேன். முதல் கேரட்டை நறுக்கக் கத்தியை எடுத்தபோது கை ஓடவில்லை. அப்பா பின்னால் வந்து நிற்பதாகவே தோன்றியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகவே முடிவெடுத்தேன். ஜெயஸ்ரீ ஒரு துண்டை எடுத்துக் கடக்கென்று கடித்தாள். கண் விரிந்தது. "இன்னொண்ணு" என்றாள். மாதக் கடைசியில் எடை ஏறியிருந்தது. "முட்டை கொடுத்தீர்கள்தானே?" என்று நர்ஸ் சிரித்தாள். கேரட்டும் பருப்பும் என்றேன். அதன்பின் மேலே எழுதும் பேச்சை எடுக்கவில்லை. ஜெயஸ்ரீக்கு எத்தனையோ கேரட் நறுக்கிவிட்டேன். ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.

1984 பள்ளி விடுமுறையில் ஊருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவரைக்காய்ப் பொரியலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவளைப் பார்த்து அண்ணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "நம்ம பசங்க காய ஒதுக்கி வெச்சிட்டு அப்பளம் கேக்குதுங்க. இந்தப் பொண்ணப் பாருங்களேன்!" அந்தப் பெருமை மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. என்னோடு கடைத்தெருவுக்கு வந்த ஜெயஸ்ரீ, தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டவளைப் போலக் கேரட் குவியலிடம் ஓடினாள். மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்றைக் கழுவிக் கையில் கொடுத்தேன். அவள் அதோடு வீட்டுக்குள் நுழையும்போது அண்ணன் எதிரே உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத வெளிய வெச்சிட்டு வாம்மா. நம்ம வீட்டுக்குள்ள வேர் வரக்கூடாது" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெள்ளக்காரன் ஊருக்குப் போனதும் எல்லாம் மறந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் நான் தனியாக நின்று வாங்கிய பேச்சு இவருக்கு எங்கே தெரியும்!

"மறந்திருந்தா முட்ட குடுத்திருப்பேண்ணா."

ஜெயஸ்ரீ அவர் மடியில் இருந்த கடலையைக் காட்டினாள். "மாமா, இது மட்டும் மரத்துலயா காய்க்குது?"

அடுப்படியில் அண்ணி சிரித்துவிட்டார். அண்ணனுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். "அது வெத. இது வேரு. வேற வேற" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தில் வளர்ந்தவள்தான் நானும்.

"நீயும் துன்றியா இத?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல. இதுவரிக்கும் வாயில வெச்சதில்ல, வெக்கவும் மாட்டேன். ஆனா அவ சாப்புடுவா. அவ தட்டுல என்னா இருக்கணும்னு அங்க இருக்கவங்களயும் சொல்ல வுடல, இங்கயும் வுடமாட்டேன்."

அண்ணன் இன்னும் இரண்டு கடலையை உரித்தார். பிறகு, "வாசப்படிக்கு உள்ள வேணாம்" என்றார், முன்பைவிடத் தாழ்ந்த குரலில்.

"சரி" என்றேன்.

"பொழுது சாயப்போவுது, சாப்பாடு போடட்டா?" என்று அண்ணி கேட்டார். ஜெயஸ்ரீயை வாசற்படியிலேயே உட்கார வைத்தேன். கால் இரண்டும் தெருவில். பொரியல் தட்டு வீட்டுக்குள். ஒரு கையால் கேரட்டை வெளியே பிடித்துக்கொண்டு, தலையை நீட்டிக் கடிப்பாள். உடம்பைத் திருப்பி இன்னொரு கையால் அவரைக்காயை அள்ளுவாள். வாசற்படியில் உட்காரக் கூடாது என்று நாளைக்கு நாலு தரம் அதட்டும் வீடு அது. அன்றைக்கு யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் அவள் இரண்டையும் தின்று முடித்தாள்.