அக்காவைப் பேயாக்கிய வீடு

ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த ஆரா நகருக்கு வெளியே, ஆங்கிலேயப் பிரபு ஒருவர் கட்டிய பழைய மாளிகையில் தில்லைநாயகி ஒன்பது வருடம் துப்புரவு வேலை செய்தாள். அந்த வீட்டில் பேய்க்கதைகளுக்குக் குறைவில்லை. மாடிப்படியில் வெள்ளைச் சீமாட்டி ஒருத்தி நடப்பாளாம். மூத்த மகன்மார் எவரும் நாற்பதைத் தாண்டக்கூடாதென்று குடும்பத்துக்கே ஒரு சாபமாம். பிரபுவின் பேத்தி வெஸ்ட்கோட் அம்மா, சனிக்கிழமைகளில் வீடு பார்க்க வருபவர்களுக்கு இவற்றைச் சொல்லிக் காட்டுவார். தினமும் அந்தப் படியைத் துடைத்த தில்லைநாயகிக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை.

2013 மாரியில் ஒரு நாள், அவளைச் சமையலறையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த வெஸ்ட்கோட் அம்மா, "உங்கள் குடும்பத்திலும் சாபம் உண்டா?" என்று கேட்டார்.

புருஷன் மகேஸ்வரனுக்கும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டார் அக்கா யோகாம்பாளைக் கைவிட்டார்கள். கலியாணத்துக்கு வாங்கிய சிவப்புச் சேலையை உடுத்திக்கொண்டு அக்கா கிணற்றில் குதித்தாள். அம்மா மாப்பிள்ளை வீட்டு வாசல் படலையில் மண்ணை வாரி எறிந்து, "இந்த வாசலாலை ஒருத்தியும் வாழ வரமாட்டாள்!" என்று கத்தினாள்.

வெஸ்ட்கோட் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டு வருடம் கழித்து, வழக்கமாக வேலையில்லாத ஒரு சனிக்கிழமையில் தில்லைநாயகி ஜன்னல் துடைக்கப் போனாள். கீழே முற்றத்துக் கிணற்றடியில் கூட்டம் நின்றது. "சிவப்புக் கலியாண உடையோடு ஒரு பணிப்பெண் இதற்குள்தான் குதித்தாள்," என்று வெஸ்ட்கோட் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "அவளுடைய தாய் வாசலில் மண்ணை எறிந்து சபித்தாள்." ஒருவன் கிணற்றுக்குள் குனிந்து "ஹலோ" என்று கூப்பிட, எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் போனபின் தில்லைநாயகி கீழே இறங்கினாள்.

"அது என்ரை அக்கா."

"நான் பெயர் சொல்லவில்லையே. பழைய கதைகள் ஆட்களுக்கு அலுத்துவிட்டன."

"பேரை விட்டிட்டு மிச்சமெல்லாத்தையும் எடுத்திட்டியள். இனிச் சொல்லாதேங்கோ."

"துண்டுப்பிரசுரமும் அச்சடித்தாயிற்று," என்றார் அவர், குரல் உயராமல்.

சாவியை மேசையில் வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் அவள் மகேஸ்வரனுக்குச் சொன்னாள். கேட்டு முடித்தவன், "அந்த மனுசிக்குச் சொன்னனி, எனக்குச் சொல்லேல்லையோ?" என்றான்.

இப்போது அவள் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறாள். நல்ல சனங்கள். கூடப்பிறந்தவர்கள் உண்டோ என்று யாராவது அன்பாகக் கேட்டால், ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கிறாள்.