பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பாதுகாப்பு

மேல் எகிப்தில் எங்கள் ஊர் மார்புநோய் ஆஸ்பத்திரியில் மிகப் பத்திரமாக இருந்த ஜீவன் ஒரு இரும்புப் பெட்டகம். அதற்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பூட்டிய அறையில், பிளாஸ்டிக் உறைக்குள், மேலே பூப்போட்ட மேசைவிரிப்புடன் மூன்று வருஷம் உறங்கியது. நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த பூஞ்சையை அதற்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். கிளம்பும் வித்துத் தூசியை அது இழுத்து வடிகட்டிவிடும். அதற்காகத்தான் வாங்கினார்கள்.

பூஞ்சையோடு பழகிய அவாதிஃபுக்கு அந்தச் சொகுசு கிடையாது. லேபில் இருபத்திரண்டு வருஷம். ஆகஸ்ட் வெயிலிலும் மின்விசிறியை நிறுத்துவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தட்டின் மூடியைத் தூக்கி, ஊசியால் ஒரு துணுக்கு கிள்ளி, மூடிவிட்டு மூச்சு விடுவாள். நாளைக்கு முப்பது தட்டு. முத்துக் குளிப்பவர்களாவது கடல் கொந்தளித்தால் வீட்டில் இருப்பார்கள்.

எங்கள் நாட்டில் அரசாங்கப் பொருள் எதுவும் யாராவது ஒருவர் பெயரில் ‘உஹ்தா’வாக எழுதப்படும். அதாவது அவர் பொறுப்பு. உடைந்தால் அவர் சம்பளத்தில் கைவைப்பார்கள். பெட்டகம் ஸ்டோர் அதிகாரி ஷவ்கியின் பெயரில் இருந்தது. அவர் ஓய்வுபெற நாலு வருஷம் பாக்கி. உபயோகிக்காத பொருள் உடையாது என்கிற விஞ்ஞான உண்மையை அவர் எந்த லேபும் இல்லாமலே கண்டுபிடித்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அவாதிஃபுக்கு இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில், வலது நுரையீரலில், ஃபூல் மொச்சை அளவுக்கு ஒரு நிழல். இனி ஒரு தட்டைக்கூட வெளியில் திறக்காதே, இன்னும் வித்து உள்ளே போனால் மாத்திரைக்கு அடங்காது என்றார் டாக்டர். அவள் டைரக்டரிடம் போனாள். டைரக்டர் மனம் வருந்தினார், தேநீர் வரவழைத்தார், ஆவன செய்யும்படி ஷவ்கிக்குக் கடிதம் எழுதினார். ஷவ்கி ஆவன செய்தார்: அறைக்கு இரண்டாவது பூட்டு போட்டார்.

அவள் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கே போனாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அடப் பாவமே. அல்லா சுகத்தக் குடுக்கட்டும்.”

“நீங்க சாவியக் குடுங்க, உஸ்தாத்.”

“மாஸ்க்க ரெண்டாப் போட்டுக்கங்க மதாம். அந்த மெஷின்ல ஒரு கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“எனக்கு விழுந்திருக்கே, அதுக்கு?”

“நீங்க என் உஹ்தாவுல இல்லையே.”

அவாதிஃப் எக்ஸ்ரேயைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் அறைந்த கதவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்றே நினைத்தார்களாம்.

மறுநாள் காலை ஷவ்கியின் மேசையில் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒரு கெட்டியான டப்பாவை வைத்தாள். உள்ளே பதினாலு தட்டுகள், ஒவ்வொன்றும் சுற்றிலும் டேப் ஒட்டி மூடியவை. கூடவே ஒப்படைப்புப் படிவம்: ‘பூஞ்சை, உயிருள்ளது, பதினாலு.’ தான் வேலையை நிறுத்திவிட்டதால் இவை ஆளில்லாத அரசாங்கச் சொத்து, விதிப்படி ஸ்டோரில் சேர வேண்டியவை என்று விளக்கினாள்.

தீப்பெட்டியைக்கூடத் திறந்து குச்சி எண்ணாமல் கையெழுத்துப் போடாதவர் ஷவ்கி. பழக்க தோஷம், கை தானாக மூடிக்குப் போனது.

“கைய எடுங்க” என்றாள், குரலை உயர்த்தாமல். “வெளியில தொறக்கக் கூடாது. தொறந்து எண்ணித்தான் ஆகணும்னா பெட்டகத்துக்குள்ள வச்சு எண்ணுங்க. சாவி உங்ககிட்டதான இருக்கு?”

“எண்ணாம எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“போடாதீங்க.”

“அப்ப திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

“நானா? அது என் உஹ்தாவுல இல்லையே.”

முப்பது வருஷ சேவையில் ஷவ்கி முதன்முறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது எவ்வளவு கஷ்டம் என்பது அரை நிமிஷத்திலேயே அவருக்கு விளங்கியது. சாவிக் கொத்து மேசைக்கு வந்தது. பின்னாலேயே இன்னொரு படிவமும் வந்தது: பெட்டகம் இனி அவாதிஃப் பெயரில். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள், நேராகப் போய்ப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தாள்.

கெய்ரோவிலிருந்து எஞ்சினியர் வந்து காற்றோட்டத்தை அளந்து சரி சொல்லும்வரை ஒரு தட்டையும் திறக்கவில்லை. அப்புறம்தான் முதல் தட்டைப் பெட்டகத்துக்குள் வைத்து மூடியைத் தூக்கினாள். மூடி திறந்திருக்க, இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக அவள் சாதாரணமாக மூச்சு விட்டாள்.

மூன்று மாதம் கழித்து வருடாந்தரச் சோதனைக் குழு வந்தது. பதிவேட்டில் ‘பெட்டகம் ஒன்று, உறை ஒன்று’ என்றிருந்தது. பெட்டகம் இருந்தது, உறை இல்லை. உடனே விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்தார்கள், ஷவ்கி சாட்சி. அரசாங்கத்தின் பிளாஸ்டிக் எங்கே என்று கேட்டார்கள்.

அவாதிஃப் புதிதாக எடுத்த எக்ஸ்ரேயை மேசையில் போட்டாள். நிழல் வளரவில்லை, போகவும் இல்லை.

“உறை போச்சு. சம்பளத்துல பிடிச்சுக்கங்க. இது இருக்கு பாருங்க, இத யாரு பேர்ல எழுதப் போறீங்க?”

குழுவின் அறிக்கையில் அந்தக் கேள்வி இல்லை. உறையின் நீள அகலம் மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது.